கிரானி ஸ்கொயர் பவுச்: இரண்டு சதுரமும் ஒரே அளவில் வரவில்லை, பிரித்துவிடவா?

மே 4, மாலை. வந்த கேள்வி

"குரோஷா ஊசி பிடிக்க ஆரம்பித்துப் பதினைந்து நாள்தான் ஆகிறது. இரண்டு கிரானி ஸ்கொயர் (நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் போடுகிற சதுரம்) போட்டு, சேர்த்துத் தைத்து, ஜிப் வைத்து ஒரு சின்ன பவுச் செய்ய ஆசை. முதல் சதுரம் 9 செ.மீ., இரண்டாவது 10 செ.மீ.க்கு மேல். ஒரே நூல், ஒரே ஊசி, இரண்டிலும் நான்கு சுற்று. எங்கே தப்பு? முதலாவதைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடவா?"

மே 4, இரவு

பிரித்துவிடுங்கள். முதல் சதுரத்தில் எல்லோருடைய கையும் இறுக்கமாகத்தான் இருக்கும். இரண்டாவது போடும்போது கை கொஞ்சம் தளர்ந்திருக்கும். மூன்றாவது சதுரம் இரண்டாவதோடு ஒத்துப்போகும். அந்த இரண்டையும் வைத்து பவுச் செய்யுங்கள்.

பிரிப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். நான்கு சுற்று முடிந்த சதுரத்தில் ஒரு பக்கத்துக்கு நான்கு கொத்து (மூன்று தையல் சேர்ந்தது ஒரு கொத்து) இருக்க வேண்டும், நடுவே மூன்று சந்து, அதாவது இடைவெளி. எந்தப் பக்கத்திலாவது குறைந்தாலோ கூடினாலோ தப்பு கை இறுக்கத்தில் இல்லை, எண்ணிக்கையில்.

மே 5, காலை

இரண்டாவது சுற்றிலேயே வழி தெரியாமல் போகிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வீடியோவில் கை வேகமாக ஓடுவதால் மூலை எது, பக்கம் எது என்று பிடிபடுவதில்லை. முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான்கு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, முதல் செயினில் ஸ்லிப் ஸ்டிச் (உயரம் கூட்டாத இணைப்புத் தையல்) வைத்து வளையமாக்குங்கள். நூலையே வளையமாகச் சுற்றி இழுத்து மூடுகிற மேஜிக் ரிங் இப்போது வேண்டாம். வழவழப்பான நூலில் அதன் வாலைச் சரியாக மறைக்காவிட்டால், பவுச் பழகப் பழக நடுவில் திறந்துகொள்ளும்.

முதல் சுற்று: மூன்று செயின். இது ட்ரெபிள் என்கிற உயரத் தையல் ஒன்றுக்குக் கணக்கு. வளையத்துக்குள்ளேயே இன்னும் இரண்டு ட்ரெபிள். இது முதல் கொத்து. இரண்டு செயின், இது மூலை. மறுபடி வளையத்துக்குள் மூன்று ட்ரெபிள், இரண்டு செயின். இப்படி மொத்தம் நான்கு கொத்து, நான்கு மூலை. தொடங்கிய மூன்று செயினின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு மூடுங்கள்.

இரண்டாவது சுற்று: ஸ்லிப் ஸ்டிச்சாலேயே நகர்ந்து பக்கத்து மூலைச் சந்துக்குப் போங்கள். மூன்று செயின், இரண்டு ட்ரெபிள், இரண்டு செயின், மூன்று ட்ரெபிள், எல்லாம் அந்த ஒரே சந்தில். ஒரு செயின். அடுத்த மூலைச் சந்தில் மூன்று ட்ரெபிள், இரண்டு செயின், மூன்று ட்ரெபிள். ஒரு செயின். நான்கு மூலையும் முடிந்ததும் மூடுங்கள்.

மூன்றாவது சுற்றிலிருந்து விதி ஒன்றுதான். மூலைச் சந்து வந்தால் இரண்டு கொத்து, நடுவே இரண்டு செயின். பக்கச் சந்து வந்தால் ஒரே ஒரு கொத்து. கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஒரு செயின்.

முதல் சுற்றில் 12 ட்ரெபிள், அடுத்ததில் 24, அப்புறம் 36, 48. சுற்றுக்குப் பன்னிரண்டு கூடிக்கொண்டே போகும். ஆனால் இதை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். எத்தனையாவது சுற்றோ, ஒரு பக்கத்தில் அத்தனை கொத்து. அதை மட்டும் பார்த்தால் போதும். நீளமான மஃப்ளரை விட இதில் தொடங்கச் சொல்வதற்கு அதுதான் காரணம். மஃப்ளரில் ஓரத்துக் கண்ணி ஒன்று நழுவினால் இருபது வரிசை தாண்டித்தான் தெரியும். சதுரத்தில் அடுத்த மூலைக்குப் போவதற்குள் தெரிந்துவிடும்.

மே 5, மதியம்

நூல், ஊசி கேட்டவருக்கு: கடையில் 'உல்லன்' என்று கேட்டால் தருகிற நான்கு இழை ஆக்ரிலிக் போதும். வர்த்மான் கம்பெனி நூல் எங்கும் கிடைக்கும். ஊசி 3.5 அல்லது 4 மி.மீ. லேஸ் நூலுக்கான மெல்லிய எஃகு ஊசியைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். இந்த நூல் அதன் கொக்கியில் உட்காராது. முதல் சதுரத்துக்குக் கறுப்பு நூலும் வேண்டாம், கண்ணியே தெரியாது. சந்தன நிறம், வெளிர் மஞ்சள் எல்லாம் நல்லது.

மே 7

மே 5 காலைக் குறிப்பைப் படித்தவர்கள் இதையும் படித்துவிட்டே ஊசியை எடுங்கள். திருத்தம், என் தவறு.

கேள்வி கேட்டவர் புதிதாகப் போட்ட சதுரத்தின் படத்தை அனுப்பியிருந்தார். நான்கு சுற்றில் 14 செ.மீ., தொளதொள என்று ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. எண்ணிக்கை எல்லாம் சரி. அரை மணி நேரம் படத்தையே பார்த்தபிறகுதான் புரிந்தது. நான் 'ட்ரெபிள்' என்று எழுதினேன். அவர் வீடியோவில் கற்றுக்கொண்ட ட்ரெபிளைப் போட்டிருக்கிறார். இரண்டும் வேறு.

எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அத்தை. பாளையங்கோட்டையில் தையல் டீச்சராக இருந்தவர். அவர் படித்தது இங்கிலாந்து முறை. அதில் ட்ரெபிள் என்பது, ஊசியில் ஒரு தடவை நூலைச் சுற்றிக்கொண்டு சந்தில் விட்டு இழுத்து, இரண்டு இரண்டு கண்ணியாக இரண்டு தடவை விடுவது. அதையே அமெரிக்க முறையில் டபுள் என்பார்கள். நம் யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்தான். அங்கே ட்ரெபிள் என்றால் ஊசியில் இரண்டு தடவை சுற்றுவது, உயரம் கூடுதல். இங்கிலாந்தின் டபுளோ அமெரிக்காவின் சிங்கிள், அதாவது ஊசியில் முன்கூட்டி நூலைச் சுற்றாமல் போடுகிற குட்டைத் தையல். இப்படி எல்லாப் பெயரும் ஒரு படி தள்ளி நிற்கும்.

முப்பது வருடமாக வாயில் வருகிற பெயர் என்பதால் யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஒருவருடைய இரண்டு மாலை நேரம் வீணாகிவிட்டது, வருத்தமாக இருக்கிறது. இனி இங்கே அமெரிக்கப் பெயர்தான். மே 5 குறிப்பில் 'ட்ரெபிள்' என்று வருகிற இடமெல்லாம் 'டபுள்' என்று படியுங்கள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், அதில் சிங்கிள் என்ற சொல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் அது அமெரிக்க முறையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அந்த 14 செ.மீ. சதுரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மே 8

"சதுரம் சற்றுச் சுழன்று காற்றாடி மாதிரி இருக்கிறது" என்று ஒருவர். அது உங்கள் தப்பில்லை. ஒரே பக்கம் பார்த்தபடி சுற்றிச் சுற்றிப் போடும்போது தையல்கள் எல்லாம் ஒரே திசையில் சாயும். மூன்று, நான்கு சுற்றில் பெரிதாகத் தெரியாது. ஏழெட்டுச் சுற்றுக்கு மேல் போனால் நன்றாகத் தெரியும்.

வழி சுலபம். ஒவ்வொரு சுற்றும் மூடியதும் துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒரு சுற்று முன்பக்கமாக, அடுத்தது பின்பக்கமாக. சாய்வு எதிரெதிராக விழுந்து நேராகிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. திருப்பியதும், கடைசியாகப் போட்ட சந்து ஊசிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரு ஸ்லிப் ஸ்டிச் போட்டு அதிலேயே அடுத்த சுற்றைத் தொடங்கலாம். மூலைவரை நகர வேண்டியதில்லை.

அத்தை இப்படித் திருப்ப மாட்டார். ஈரத்துணியில் வைத்து இழுத்து ஊசி குத்திச் சரிசெய்துவிடுவார். நான் பல வருடம் அப்படியே செய்தேன். இப்போது திருப்பித்தான் போடுகிறேன்.

மே 11, காலை

முதல் பதிலில் 'பிரித்துவிடுங்கள்' என்று எழுதினேன் அல்லவா? அது அவசரத்தில் சொன்னது. வாபஸ்.

நேற்று என் பழைய டப்பாவில் இருந்த சதுரங்களை அளந்து பார்த்தேன். ஒரே நாளில், ஒரே உருண்டையில் நான் போட்டவையே 9.6, 10, 10.3 என்றுதான் இருக்கின்றன. காலையில் போட்டது ஒரு அளவு, மத்தியானப் புழுக்கத்தில் போட்டது இன்னொரு அளவு. விரல் வியர்த்தால் நூல் ஊசியில் ஒட்டும். ஒட்டினால் நாம் இழுத்துப் பிடிப்போம், சதுரம் சுருங்கும். சித்திரை, வைகாசியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, கேரம் போர்டுக்குப் போடுவதுபோல விரலில் துளி பவுடர் தடவிக்கொண்டு போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒரு செ.மீ. குறைவுக்கு ஒரு சதுரத்தையே பிரிக்க வேண்டியதில்லை. சின்னதைச் சுற்றி ஒரு சுற்று சிங்கிள் போடுங்கள். பக்கத்துக்கு அரை செ.மீ. கூடும், இரு பக்கமும் சேர்த்து ஒரு செ.மீ. சரியாகிவிடும். ஒவ்வொரு டபுளின் தலையிலும் ஒரு சிங்கிள், பக்கச் சந்தில் ஒன்று, மூலையில் ஒரு சிங்கிள், இரண்டு செயின், ஒரு சிங்கிள். நான்கு சுற்றுச் சதுரம் என்றால் பக்கத்துக்கு 15, மூலைகளில் போட்டதோடு 17.

பெரியதற்கும் கரை வேண்டும் என்று தோன்றினால் அதற்கு ஸ்லிப் ஸ்டிச்சால் ஒரு சுற்று. அது அளவை ஏறக்குறைய கூட்டாது. ஆனால் இழுத்துப் போடாதீர்கள், சதுரம் கிண்ணமாகக் குழியும்.

2016 ஜனவரி 31இல் சென்னையில் பெண்கள் சேர்ந்து 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை செய்து கின்னஸில் ஏறினார்களே, அதை நினைத்துப் பார்க்கிறேன். எத்தனை எத்தனை கை! ஒவ்வொரு கைக்கும் ஒரு இறுக்கம். அத்தனையையும் ஒன்றோடு ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். நம் இரண்டு சதுரத்தைப் பொருத்த முடியாதா?

மே 11, மாலை

இடது கைப் பழக்கமுள்ள மகளுக்குக் கற்றுக்கொடுக்க வழி கேட்டவருக்கு: பக்கத்தில் உட்காராதீர்கள், எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் கையைப் பார்த்து அவள் போடட்டும். நமக்குச் சுற்று கடிகார முள்ளுக்கு எதிராகப் போகும், அவளுக்கு முள்ளோடு போகும். சதுரம் ஒன்றேதான்.

மே 15

இப்போது சேர்ப்பது. பவுச் நன்றாக அமைவது இங்கேதான். அழகான சதுரம் போட்டுவிட்டு, அவசரமாகச் சேர்த்து, கோணலான பையைக் கையில் வைத்துக்கொண்டு வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று விதமாகச் சேர்த்துப் பார்த்தேன். ஊசிநூலால் ஓரத்தைச் சுற்றித் தைப்பது முதலாவது. வேகமாக முடியும். ஆனால் இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் ஓரம் சுருங்கும். இரண்டாவது, குரோஷா ஊசியாலேயே ஸ்லிப் ஸ்டிச். தட்டையாக இருக்கும், ஆனால் நெகிழ்வே இல்லை. மூன்றாவது சிங்கிள். இரண்டு சதுரத்தின் உள்பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க வைத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, வெளியிலிருந்தே சிங்கிள் போட்டுக்கொண்டு போவது. வரப்பு மாதிரி ஒரு மேடு வரும். அந்த மேடுதான் பவுச்சுக்கு எலும்பு. பை தொங்காமல் நிற்கும். தொடங்குகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

முதலில் நான்கு மூலையிலும் ஸ்டிச் மார்க்கர் மாட்டுங்கள். இல்லையென்றால் ஊக்கு போதும். 17க்கு 17 என்று எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். மூலை திரும்பும்போது ஒரே இடத்தில் மூன்று சிங்கிள். அங்கே ஒன்று மட்டும் போட்டால் மூலை உள்ளே மடங்கும்.

நூல் வால்களை 15 செ.மீ.யாவது விட்டு வெட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் கோத்து வெட்டினால் இரண்டாவது துவைப்பில் வெளியே வரும். ஒரு பக்கம் கோத்து, திரும்பி எதிர்ப்பக்கம் கோத்து, அப்புறம் வெட்டுங்கள்.

மே 16

ஒயர் கூடை போடுகிறவர் ஒருவர், "எனக்கு இது வருமா?" என்று கேட்டிருக்கிறார். உங்களுக்கு வராமல் யாருக்கு வரும்? எண்ணுகிற பழக்கம் இருக்கிறது, மூலை திருப்பத் தெரிகிறது. ஒரே வித்தியாசம், ஒயரை இறுக்கி இழுத்தால்தான் கூடை நிற்கும். இங்கே இழுக்கவே கூடாது. முதல் இரண்டு நாள் கை அடம்பிடிக்கும். அரை மி.மீ. பெரிய ஊசியில் தொடங்குங்கள்.

இந்தக் கலை நம் பக்கத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாகர்கோவிலில் மால்ட் என்ற மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் சொல்லிக்கொடுத்தார். குரோஷா அப்படித்தான் பரவியது.

மே 17

நேற்று எழுதியதில் பாதி தப்பு. இடையன்குடிப் பக்கம் சொந்தம் உள்ள ஒருவர் திருத்தினார், நன்றி. மார்த்தா மால்ட்டும் எலைசா கால்டுவெல்லும் சொல்லிக்கொடுத்தது லேஸ்தான், ஆனால் குரோஷா இல்லை. அது திண்டு லேஸ். ஒரு திண்டின்மேல் மாதிரித் தாளை வைத்து, குண்டூசி குத்தி, பல மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. நம்முடையது ஒரே நூல், ஒரே கொக்கி. இரண்டும் லேஸ் என்ற பெயரில் ஒரே வீட்டில் இருந்ததால் எனக்கு ஒன்றாகப் பதிந்துவிட்டது.

குரோஷா லேஸுக்குப் பெயர்போன ஊர் ஆந்திராவின் நரசாபுரம். 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கேயும் கற்றுக்கொடுத்தது மிஷனரிகள்தான்.

'குரோஷே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சின்னக் கொக்கி என்றுதான் பொருள். நாமும் கொக்கி ஊசி என்கிறோம். எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது பாருங்கள்.

மே 20

உள்துணி வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு என் அனுபவம். முதலில் செய்த பவுச்சுக்கு நான் உள்துணி வைக்கவில்லை. சதுரத்தின் வேலைப்பாடு உள்ளேயும் தெரியட்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் கை விட்டால் ஒரு ரூபாய் நாணயங்கள் மூலைச் சந்து வழியாகப் பையின் அடியில் கொட்டிக் கிடந்தன. வீட்டுச் சாவி சந்தில் நுழைந்து நூலை இழுத்து, ஒரு கொத்தையே நாசம் பண்ணியிருந்தது. கிரானி ஸ்கொயர் என்றாலே ஓட்டைதான். அந்த ஓட்டைதான் அழகு. ஆகவே உள்துணி கட்டாயம்.

ரவிக்கை தைத்து மிச்சமான டூ பை டூ துணி இதற்கு அருமை. மெல்லியது, சாயம் போகாது, எல்லா நிறத்திலும் வீட்டில் துண்டு கிடக்கும். நூலுக்கு எதிரான நிறம் வையுங்கள். கருநீலச் சதுரத்துக்குள்ளிருந்து அரக்கு நிறம் சந்து சந்தாக எட்டிப் பார்க்கும்போது கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும்.

10 செ.மீ. பவுச்சுக்கு 12 செ.மீ. அகலம், 22 செ.மீ. நீளத் துண்டு. சுற்றிலும் ஒரு செ.மீ. தையலுக்கு. நீளத்தில் பாதியாக மடித்து இரண்டு பக்கமும் தைத்தால் குட்டிப் பை. மேல் விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு செ.மீ. மடித்து, பவுச்சுக்குள் இறக்கி, ஜிப்பின் துணியோடு சேர்த்துக் கைத்தையல். உள்பை ஒரு நூல் அளவு சின்னதாக இருந்தால் நல்லது. பெரிதாக இருந்தால் உள்ளே சுருண்டு ஜிப்பில் மாட்டும்.

ஜிப் வைப்பதில் நான் மாற்றிக்கொண்டது ஒன்று. முன்பெல்லாம் மூன்று பக்கமும் சேர்த்துவிட்டு, வாயில் ஜிப் தைப்பேன். சின்னப் பைக்குள் விரல் போகாது, ஊசி எங்கோ குத்தும். இப்போது சதுரங்கள் தனித்தனியாகத் தட்டையாக இருக்கும்போதே ஜிப்பின் இரண்டு பக்கத்திலும் தைத்துவிடுகிறேன். அப்புறம்தான் மற்ற மூன்று பக்கங்களைச் சேர்ப்பது. பாதி நேரம்தான் ஆகிறது. சரியான அளவு ஜிப் கிடைக்காவிட்டால் நீளமான நைலான் ஜிப்பை வாங்கி, வேண்டிய இடத்தில் பல்லின் மேலேயே பத்துத் தடவை நூலை இறுக்கித் தைத்துவிட்டு, அதற்கு ஒரு செ.மீ. கீழே வெட்டிக்கொள்ளுங்கள். சாதாரணத் தையல் நூல், பின்தையல். குரோஷா நூலால் ஜிப் தைத்தால் தடித்துப்போகும்.

மே 21

ஜிப்பே பயமாக இருக்கிறது என்பவர்களுக்கும், மே 7இல் நான் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்தப் பெரிய சதுரத்துக்கும் இதுதான் வழி.

ஒரே சதுரத்தில் கடித உறை மாதிரி பவுச் செய்யலாம். சதுரத்தைத் திருப்பிப் போட்டு மூன்று மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடியுங்கள். தொடும் ஓரங்களைச் சேர்த்துத் தையுங்கள். நான்காவது மூலை மூடி. அதன் நுனியில் எட்டுச் செயினில் ஒரு கண்ணி, உடம்பில் ஒரு பட்டன். முடிந்தது. மடித்தபின் பக்கம் பத்துக்கு ஏழாகக் குறையும். 14 செ.மீ. சதுரம் என்றால் 10 செ.மீ. பவுச். 20 செ.மீ. வரை போட்டால் 14 கிடைக்கும், மாத்திரை அட்டை, இயர்போன் எல்லாம் வைக்கலாம். ஓரம் நெளிந்த சதுரமாக இருந்தாலும் தையலில் இழுத்துச் சரிப்படுத்திவிடலாம்.

நவராத்திரிக்கு வருகிறவர்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொடுக்க இந்த உறைப் பவுச்தான் நான் செய்வது. வைகாசியிலேயே தொடங்கினால் புரட்டாசிக்குள் இருபது சேரும்.

மே 26

இஸ்திரி போடலாமா என்று கேட்டவருக்கு: ஆக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். தங்கை மகள் கல்யாணத்துக்காகச் செய்த பச்சைச் சதுரங்களில் ஆறின் மேல் வைத்துவிட்டேன். நூல் இளகி, பளபளவென்று, எண்ணெய்த் துணி மாதிரி தொய்ந்துவிட்டது. அந்த நூல் பழைய நிலைக்குத் திரும்பாது. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து மறுபடி போட்டேன்.

செய்ய வேண்டியது இது. தெர்மாகோல் அட்டையின் மேல் கட்டம் போட்ட தாள், அதன் மேல் பிளாஸ்டிக் உறை. 10 செ.மீ. கட்டத்துக்குச் சதுரத்தை மெதுவாக இழுத்துத் துருப்பிடிக்காத குண்டூசியால் நான்கு மூலையும், பக்கத்துக்கு இரண்டும் குத்துங்கள். தண்ணீர் தெளித்து ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் விடுங்கள். பருத்தி நூல் என்றால் நன்றாக நிற்கும். ஆக்ரிலிக் அந்த அளவுக்கு நிற்காது, ஆனாலும் சேர்ப்பதற்குப் போதும். சேர்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், பின்னால் அல்ல.

ஜூன் 2

"நன்றாக வந்தால் விற்கலாமா, என்ன விலை சொல்வது?" இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் இருப்பது திருப்பூரில். எங்கள் தெருவில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலை. பின்னலாடை என்ற சொல்லே இந்த ஊரோடு ஒட்டியது. அந்தப் பின்னல் முழுக்க மெஷினில் ஓடுவது. ஆனால் குரோஷாவைக் கையைப்போலப் போடுகிற மெஷின் வணிக அளவில் இன்னும் வரவில்லை. மெஷின் லேஸ் சில பார்வைக்கு அப்படி இருக்கும், கட்டுமானம் வேறு. கடையில் தொங்குகிற ஒரு கிரானி ஸ்கொயர் மேலாடையை அடுத்த முறை பார்க்கும்போது, அது எத்தனை மலிவாக இருந்தாலும், யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாக இழுத்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மலிவு என்றால் அவருக்குக் கொடுத்தது குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

என் கணக்கு: சமையலறைத் தராசில் நிறுத்தேன், இரண்டு சதுரம், கரை, சேர்ப்பு எல்லாம் சேர்த்து 22 கிராம் நூல். ஜிப், துணி, தையல் நூலோடு கைச்செலவு ஏறக்குறைய 40 ரூபாய். நேரம், பழகிய என் கைக்கே மூன்று மணி. போன வருடம் ஒரு கடையில் காட்டினேன். ஒன்று நூறு ரூபாய்க்குத் தந்தால் ஐம்பது பவுச் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கைச்செலவு போக மணிக்கு இருபது ரூபாய். கொடுக்கவில்லை. தெரிந்தவர்களுக்கு 250க்குக் குறைத்துத் தருவதில்லை. அன்புக்குக் கொடுப்பது வேறு, அதற்குக் காசே வாங்க மாட்டேன். "நூல் காசு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்பவர்களுக்குத் தலையாட்டாதீர்கள். நீங்கள் தலையாட்டினால், இதை நம்பிப் பிழைக்கிற இன்னொருத்தியிடமும் அதே விலையைத்தான் கேட்பார்கள்.

ஜூன் 3

கோபத்தில் எழுதியதாகச் சிலருக்குப் பட்டிருக்கிறது. கோபம்தான். விலையை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் முதல் ஐந்து பவுச்சையும் விற்காதீர்கள் என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவற்றை வீட்டிலேயே ஆறு மாதம் பழகவிட்டு, எங்கே வால் வெளியே வருகிறது, எந்த மூலை விரிகிறது என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கியவர் கையில் அது பிரியக்கூடாது.

ஜூன் 9

படம் வந்தது! கேள்வி கேட்டவரின் பவுச் முடிந்துவிட்டது. முன்பக்கம் அந்த 10 செ.மீ. சதுரம், பின்பக்கம் பிரிக்கச் சொல்லி நான் அவசரப்பட்ட அதே 9 செ.மீ., சுற்றிலும் சிங்கிள் கரையோடு. சுற்றுக்கு ஒரு நிறம், ஜிப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடு. உள்துணி அவருடைய அம்மாவின் பழைய ரவிக்கையாம், சந்து வழியாக மாம்பழ மஞ்சள் தெரிகிறது. எண்ணிப் பார்த்தேன், பக்கத்துக்கு நான்கு கொத்து, மூன்று சந்து, ஒன்றும் தப்பவில்லை.

ஜிப் பக்கத்து மேட்டுக்கு: அங்கே ஜிப்பை விடச் சதுரத்தின் ஓரம் நீளமாக விழுந்திருக்கிறது. அடுத்த தடவை முதலில் இரண்டு முனை, பிறகு நடு, அப்புறம் மற்ற இடங்கள் என்று குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள். துவைக்கும்போது ஜிப்பை மூடி, கையால் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் படுக்க வைத்து உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

14 செ.மீ. சதுரம் என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே?